மிக்கேலின் நாற்பத்திரண்டு விநாடி

காலையிலிருந்து இடது இடுப்பு விடவில்லை. ஏணியில் ஏறி இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கழற்றியதற்கே இந்தப் பாடு. தொடை எலும்பின் மேல்முனை பந்து மாதிரி இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்குமே, அது எனக்குச் செத்துப்போய்விட்டது என்று திருச்சி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆறு வருடம் கடலுக்கடியில் வேலை பார்த்ததன் மிச்சம். என் அப்பா குரும்பலூர்ப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தார், அவருக்கு நுரையீரல் போயிற்று. எனக்கு எலும்பு. எங்கள் வீட்டில் வேலைக்குப் போனவன் எவனும் முழு உடம்போடு திரும்பியதில்லை.

இப்போது அரியலூரில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எல்லாவற்றுக்கும் என் ஸ்பீக்கர்தான் கத்தும். அக்டோபர் கடைசி வாரம் அது. கல்லறைத் திருநாளுக்கு ஏலாக்குறிச்சிப் பக்கம் இரண்டு ஊரில் கட்டச் சொல்லியிருந்தார்கள். மதியம் மூன்று மணி இருக்கும். கல்லாப் பெட்டிமேல் சாய்ந்து ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தேன். வாசலில் விண்ணரசி வந்து நின்றாள். கூட ஒன்பது வயது மகள் ரீனா.

விண்ணரசி மிக்கேலின் மனைவி. வரதராஜன்பேட்டைக்காரர்கள். மிக்கேல் என்னோடு ஒரே கப்பலில் வேலை செய்தவர். மே மாதம் செத்துப்போனார்.

"தம்பி, ஒங்க கடையத் தேடி நாலு பேருட்ட கேட்டுட்டேன். போனு போட்டா எடுக்க மாட்டேங்குறீங்க."

"நம்பரு மாத்திட்டேன் அண்ணி. உக்காருங்க."

மாற்றவில்லை. அவள் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள் என்று கேட்காமலே தெரிந்தது. அந்த ஓட்டின் எண்ணெய் பட்டால் கை அப்படித்தான் ஆகும். புருஷன் இருந்தவரை அவள் கொட்டைக்குப் போனதில்லை.

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "இத மனுசக் குரலா மாத்திக் குடுங்க தம்பி. கல்லறத் திருநாளுக்குள்ள வேணும்."

அழுத்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அனுப்பியதுதான். நாற்பத்திரண்டு விநாடி.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எண்பது மீட்டர் ஆழத்தில் நாம் இங்கே இழுக்கிற காற்றை இழுத்தால் மண்டை குழம்பிவிடும். அதனால் ஹீலியத்தோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து கொடுப்பார்கள். தினமும் அழுத்தத்தை ஏற்றி இறக்கினால் ஆள் செத்துவிடுவான் என்பதால், கப்பலிலேயே ஓர் இரும்பு அறைக்குள் இருபத்தெட்டு நாள் பூட்டி வைப்பார்கள். உள்ளே கடலடியின் அழுத்தம் இருக்கும். வேலைக்கு இறங்க ‘பெல்’ என்று ஓர் இரும்புக் கூண்டு. சாப்பாடு, தூக்கம், ஜபமாலை எல்லாம் அந்த ஹீலியத்துக்குள்தான்.

ஹீலியத்தில் பேசினால் வாத்து கத்துவது மாதிரி இருக்கும். தொண்டையின் சுருதி பெரிதாக மாறாது. வாய்க்குள் எழுத்துக்கு எழுத்து உருவம் கொடுக்கிற ஒலிகள்தான் மேலே ஏறிவிடும். அதனால் வெறுமனே மெதுவாக ஓடவிட்டால் சரியாகாது. விண்ணரசியின் தம்பி செபஸ்டின் போனில் ஏதோ ஆப் போட்டு மெதுவாக்கிப் பார்த்தானாம். வந்தது மிக்கேல் குரல் இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து எதுவோ உறுமியது. ரீனா கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாளாம்.

கப்பலில் இதற்கென்று ஒரு பெட்டி உண்டு. அன்ஸ்க்ராம்ப்ளர் என்று பெயர். பேச்சைத் துணுக்குத் துணுக்காக வெட்டி, ஒவ்வொன்றையும் இழுத்து, மறுபடி ஒட்டித் தரும். ஆளுக்கு ஆள், ஆழத்துக்கு ஆழம் குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். எனக்கு எலும்பு போனபின் என்னை மேலே அந்த அறைக்குக் காவலாக, காஸையும் குரலையும் பார்த்துக்கொள்கிற வேலையில் போட்டார்கள். எட்டு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும்.

மே மாதம் ரீனாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நன்மை வாங்குகிற நாள். பூசைக்குக் கிளம்புமுன் பிள்ளை முழங்காலில் நிற்க, அப்பனும் ஆத்தாளும் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம். மிக்கேல் இரும்பு அறைக்குள் இருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அறை மைக்கில் என்னைக் கூப்பிட்டு, "தர்மா, வூட்டுக்கு ரெண்டு வார்த்த பேசுறேன், புடிச்சு அனுப்புடா" என்றார்.

திருத்தின குரல் என் ஹெட்போனில் வரும். திருத்தாத குரல் சுவரில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் வரும். நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, போனைச் சுவர் ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். வாத்துக் குரலில் அனுப்பினால் ஊரில் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் சிரித்தார்கள், அவர்களோடு சிரித்ததில் சொல்லில் காது வைக்கவில்லை. அவர் முடித்ததும் மைக்கில் "சரிண்ணே, சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அனுப்பினேன்.

விருந்துப் பந்தலில் அதை மைக்கில் போட்டிருக்கிறார்கள். பிரியாணி தின்ற கூட்டம் முழுக்கச் சிரித்திருக்கிறது. விண்ணரசி என்னிடம் கேட்டாள், என்ன சொல்றாரு ஒண்ணும் வெளங்கலயே என்று. வந்து அவரே சொல்லுவாரு என்று எழுதி, நாலு சிரிப்புப் பொம்மையும் போட்டேன். மறுநாள் மிக்கேல் இறங்கினார். அவர் உடுப்புக்குள் வெந்நீர் ஓடுகிற ஹோஸ், பெல்லுக்குப் பக்கத்தில் வெடித்தது. ஹீலியம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், உடுப்பில் வெந்நீர் ஓடுவது நின்றுபோனால் ஆள் நிமிஷக்கணக்குதான். பெல்லுக்கு முப்பது மீட்டர் தூரம். பெல்லுக்குள் இருந்தவன் கயிற்றைப் பிடித்து இழுத்துச் சேர்க்கும்போது மூச்சில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த நாற்பத்திரண்டு விநாடியில் அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் அன்றைக்கு வரை தெரியாது. நான் அதை மறுபடி கேட்கவே இல்லை.

"இப்ப எதுக்கு அண்ணி இது," என்றேன். "கேட்டா மனசுதான் கெடும்."

"பாப்பா தூக்கத்துல சொல்றா தம்பி."

"என்னத்த?"

"இதத்தான். மொத்தத்தையும். கண்ணு மூடித்தான் இருக்கு, வாயி மட்டும் ஓடுது. போன்ல இருக்கறாப்லயே சொல்றா. சாமியாருட்ட கூட்டிட்டுப் போனேன், என்ன சொல்றான்னு தெரிஞ்சா பயம் போயிரும்னாரு." மகளின் தோளைத் தொட்டாள். "மாமாட்ட சொல்லு பாப்பா."

ரீனா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஆம்ப்ளிபயரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். தொண்டையை இறுக்கி மூக்கால் வருகிற கீச்சுக் குரல். ஒரு விநாடி சிரிப்பு வந்தது எனக்கு. பிறகு நின்றுவிட்டது. பிள்ளைகள் வாத்து மாதிரிப் பேசிக்காட்டுவது வேறு. இவள் மூச்சு விடுகிற இடம்கூட மிக்கேல் விட்ட இடம். அர்த்தம் தெரியாமல் ஓசையை மட்டும் அப்படியே எடுத்திருக்கிறாள், பூசைப் பாட்டைக் குழந்தைகள் மனப்பாடம் பண்ணுகிற மாதிரி.

என் காது ஆறு வருடம் அந்தக் குரலுக்குள் குடியிருந்த காது. அறைக்குள் மூன்றாம் நாளைக்கு மேல் எங்களுக்கு அது வாத்துக் குரலாகவே கேட்காது, சாதாரணப் பேச்சாகிவிடும். அந்தப் பழக்கம் போகவில்லை. பெட்டியே தேவைப்படவில்லை. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து மிக்கேல் பேசினார், எனக்குப் புரிந்தது. முதலில் மகளோடு பேசினார். அப்புறம் மனைவியோடு. முப்பத்தோரு விநாடி வரைக்கும் அதுதான். அதற்கப்புறம் என்னோடு பேசினார்.

"தர்மா, இது ஒனக்கு. என் ஹோஸ்ல வெந்நீர் லைனு பெல்லு கிட்ட ஊதிப்போயி கெடக்கு. கீழருந்து சூப்பர்வைசர் சாருட்ட சொன்னேன், மூணு வாட்டி என்ன என்னன்னு கேட்டுட்டு வுட்டுட்டாரு. நீ எழுதி வச்சு மாத்தச் சொல்லுடா. மறந்துராத."

கடைசியில் ரீனா குரலை மாற்றினாள். கீச்சை விட்டுவிட்டு, ஆம்பிளைக் குரலில், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சரிண்ணே, சரிண்ணே."

அது என் குரல். என் சிரிப்பு.

"எப்புடி சொல்றா பாருங்க," என்றாள் விண்ணரசி. பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடுப்பு வலியைச் சொல்லிக்கொண்டேன். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கப்பலில் பழைய பெட்டி ஒன்றைக் கழித்துப் போட்டபோது இரும்பு விலைக்கு வாங்கி வந்திருந்தேன். கடைக்குள் ஒயர்ச் சுருளுக்கு அடியில் கிடந்தது. இல்லை, விற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரீனா ஏற்கெனவே அதன் பக்கத்தில் போய் நின்று, தூசியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "இதானே மாமா?" என்றாள். அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கடையில் கடல் நீலத்தில் பெயிண்ட் அடித்த சாமான் அது ஒன்றுதான்.

போனைப் பெட்டியில் செருகி, சின்ன ஸ்பீக்கரில் விட்டேன். என் காதில் ஹெட்போன். குமிழை மெதுவாகத் திருப்பினேன்.

முதலில் கொசு. கொஞ்சம் இறக்கியதும் ஒரு பிள்ளையின் குரல் வந்தது. ரீனா திரும்பிப் பார்த்தாள், தன்னை யாரோ கூப்பிட்ட மாதிரி. அசல் அவள் குரல்தான். இன்னும் இறக்கினேன். ஒரு பொம்பிளை பேசினாள், யாரென்று தெரியாத பொம்பிளை. அதையும் தாண்டியபோது ஓர் இடத்தில் நான் பேசினேன். என் குரல், என் நாக்கு, மிக்கேலின் சொல். விண்ணரசி என் வாயைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் சுண்ணாம்புச் சுரங்கத்தில் வேட்டு போட்டார்கள். தினமும் போடுகிறதுதான். தரை ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சுவரில் மாட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒயர் இல்லாமலே ஒரு முனகு முனகின. விரல் நழுவிக் குமிழ் ஒரு சுற்றுக் கூடப் போய்விட்டது. ஒரு கிழவர் பேச ஆரம்பித்தார். நிதானமாக, கரகரவென்று.

"தம்பி, இது எங்க மாமனாரு," என்றாள் விண்ணரசி. "அவரு செத்து பதினாலு வருசம் ஆச்சு."

"கொமுழு கூடப் போயிருச்சு அண்ணி."

"அவரேதான். மூச்ச இழுக்குறதுகூட அவருதான்." நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

மிக்கேல் எழுபது வயது வரை இருந்திருந்தால் அப்படித்தான் பேசியிருப்பார். நான் சட்டென்று பின்னால் திருப்பினேன். கிழவர் வயது குறைந்து குறைந்து வந்து, நாற்பத்தோரு வயதில் நின்றார். அது அவர்தான். மூவருக்கும் தெரிந்தது. முதலிலிருந்து ஓடவிட்டேன்.

"பாப்பா, அப்பா பேசுறேன். நன்ம வாங்குறப்ப கண்ண மூடிக்க, பராக்குப் பாக்காத. வெள்ளக் கவுனுல கொழம்பு கொட்டிக்காத. விண்ணு, கோயிலுக்குக் கெளம்புறப்ப பாப்பா நெத்தியில ரெண்டு சிலுவ போடு. ஒண்ணு ஒன்னுது, ஒண்ணு என்னுது. என்னுத மறந்துராத. எனக்கு ஒரு பொட்டலம் பிரியாணி எடுத்து வையி, இருவது நாள்ல வந்து திங்கிறேன், கெட்டாலும் பரவால்ல."

முப்பத்தோரு விநாடி. நான் நிறுத்தினேன்.

விண்ணரசி அழவில்லை. கறுத்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். "ஒண்ணுதான் போட்டேன்," என்றாள். "ரெண்டு போடச் சொல்லிருக்காரு, நான் ஒண்ணுதான் போட்டு அனுப்புனேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நின்னோம்." பிறகு ரீனாவைக் கூப்பிட்டாள். பிள்ளை வந்து ஒயருக்கும் ஆணிக்கும் நடுவே சிமெண்டுத் தரையில் முழங்காலில் நின்றாள். விண்ணரசி கட்டை விரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். கோடு கோணலாகப் போயிற்று. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

அத்தோடு எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

"மிச்சம்?" என்றாள்.

"அவ்வளவுதான் அண்ணி."

"இன்னும் இருக்கே. பாப்பா இன்னும் சொல்றாளே."

"கடைசில யாரையோ கூப்புடுறாரும்மா அப்பா," என்றாள் ரீனா.

"அது வேற காஸு. ரெக்கார்டு சரியா வுழல. பெட்டிக்குப் புடிபடாது."

"போட்டுத்தான் பாருங்களேன் தம்பி."

போட்டேன். கூடவே, பெட்டியின் பின்பக்கம் ஸ்பீக்கருக்கு மட்டும் இருக்கிற இன்னொரு குமிழைக் கட்டை விரலால் தள்ளிவிட்டேன். துணுக்குகள் ஒட்டாமல் உதிர்ந்தன. ஸ்பீக்கரில் வந்தது சரளை கொட்டுகிற சத்தம். என் ஹெட்போனில் மட்டும் மிக்கேல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், தர்மா, இது ஒனக்கு என்று தொடங்கி. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மாமா பின்னாடி எதையோ திருப்புறாரும்மா."

"சும்மா இரு பாப்பா. மாமாவுக்குத் தெரியாதா."

சரளைச் சத்தம் முடிந்து என் குரல் மட்டும் தெளிவாக வந்தது. மேலே இருந்து சொன்ன குரல் அது, அதற்குப் பெட்டி வேண்டியதில்லை. சரிண்ணே, சரிண்ணே.

"எதுக்கு சரின்னீங்க?" என்று கேட்டாள்.

"வச்சிடுறேன்னாரு. சரின்னேன்."

என்னை நேராகப் பார்த்தாள். வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பிறகு கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

கம்பெனிக் காகிதம். இங்கிலீஷில் இருந்தது, தமிழில் ஒரு தாளும் இருந்தது. இறந்தவர் இறங்குமுன் தம் ஹோஸைச் சரிபார்க்கத் தவறினார், எந்தக் குறையையும் யாரிடமும் தெரிவிக்கவில்லை, விபத்துக்கு அவர் கவனக்குறைவே காரணம், இதைக் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பின்னால் சாட்சிகள் சொன்னது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. ‘அறையிலிருந்து எந்தப் புகாரும் வரவில்லை.’ மும்பையில் துறைமுக ஆபீஸில் உட்கார்ந்து போட்டது.

"ஊர்ல பேசுறாங்க தம்பி. கவனமில்லாத ஆளு, அவனாப் போயி செத்தான்னு. வாத்தியார் வூட்டு அம்மா எம்மூஞ்சிக்கு நேராவே கேட்டுருச்சு, குடிச்சிட்டு எறங்கினாரான்னு. அங்கன எங்க தம்பி குடிக்கறது. இவரு சட்டத் துணிய மடிக்கவே அரை மணி நேரம் பாக்குற ஆளு. ஹோஸப் பாக்காமலா எறங்கியிருப்பாரு?"

நான் ஹெட்போன் ஒயரைச் சுற்றி வைத்தேன்.

"திங்கக்கெழம கம்பெனிக்காரங்க வந்து வாங்கிக்கிறாங்களாம். நீங்க கூட இருந்தவங்க. ஒங்ககிட்ட எதும் சொன்னாரா? சொல்லியிருந்தாருன்னா நான் இதுல கையெழுத்து போட மாட்டேன். செபஸ்டின் கேசு போடுறேங்குறான்."

கேஸ் போட்டால் நோட்டை எடுப்பார்கள். அந்தச் சாயங்காலத்து நோட்டில் என் கையெழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்காது. ஹெட்போனைக் கழற்றி வைத்தவன் நான். அதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேர் பார்த்தார்கள். பந்தலில் சிரித்த ஊர் முழுக்க, அது எதற்காகச் சிரித்தது என்று தெரிந்துகொள்ளும். மும்பையில் கையெழுத்துப் போட்டபோது நான் பொய் சொல்லவில்லை, தெரியாமல் சொன்னேன்.

"ஒண்ணும் சொல்லல அண்ணி," என்றேன்.

"போட்ரவா அப்ப?"

"போடுங்க."

காகிதத்தை நாலாக மடித்துக் கவரில் வைத்தாள். முப்பத்தோரு விநாடியைத் தனியாக வெட்டி அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். "நல்லா இருங்க தம்பி," என்றாள். ஆண்டிமடம் பஸ்ஸைப் பிடிக்க இருவரும் ரோட்டைக் கடந்தார்கள். ரீனா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் சத்தம் கேட்காது. எனக்கு என்ன சொல்கிறாள் என்று தெரிந்தது.

திங்கள்கிழமை மத்தியானம் விண்ணரசியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். பாப்பா இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறாளாம், ஆனால் கடைசித் துண்டை மட்டும் இப்போது விழித்திருக்கும்போதே சொல்கிறாளாம், அதற்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தாள். நான் பதில் அனுப்பவில்லை.

ஹோஸ் கெட்டிருக்கிறது என்று மிக்கேல் சாவதற்கு முந்தின நாளே சொன்னார், என்னிடம்தான் சொன்னார், நான் கேட்கவில்லை. இந்தப் பேச்சு விண்ணரசிக்கு நான் கொடுக்க வேண்டிய கடன். இன்னும் கொடுக்கவில்லை.